பந்துன்னு சொல்லு

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகனுக்கு மூன்று வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. பத்துப் பதினைந்து வார்த்தைகள்தான் வருகின்றன. கூப்பிட்டால் திரும்புகிறான், அதனால் காதில் பிரச்சினை இல்லை. நான் அவனோடு சரியாகப் பேசுவதில்லை, அதனால்தான் இப்படி என்கிறார்கள் வீட்டில். நாள் முழுக்கப் படம் காட்டிச் சொல்லித் தருகிறேன். பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, பெயரைச் சொன்னால்தான் கொடுக்கிறேன். ஒன்றும் பலிக்கவில்லை. வீட்டில் என் மொழி, கணவரின் மொழி என்று இரண்டும் பேசுகிறோம். ஒன்றை நிறுத்தினால் பேச்சு வருமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எந்த மொழியையும் நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. கொஞ்சவும் கோபப்படவும் உங்களுக்கு எந்த மொழி தானாக வருகிறதோ அதில் பேசுங்கள். அவனுடைய வார்த்தைகளை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணுங்கள்.

கூப்பிட்டால் திரும்புவது காதுக்கு அத்தாட்சி இல்லை. நடுக்காதில் நீர் கோத்திருக்கிற குழந்தையும் திரும்பும். சத்தம் கேட்கும், சொல் தெளிவாக விழாது. காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்கிற ஆடியாலஜிஸ்டிடம் இந்த வாரமே நேரம் வாங்குங்கள். ஐன்ஸ்டைனே லேட்டாகத்தான் பேசினார் என்று யாராவது ஆறுதல் சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இரண்டு வயதில் பேசாத பிள்ளைகளில் பலர் தாமாகவே எட்டிப்பிடித்துவிடுகிறார்கள், உண்மைதான். மூன்று தாண்டியும் பத்து வார்த்தை என்றால் இனி காத்திருக்கக் கூடாது. ஸ்பீச் தெரபிஸ்ட் பார்த்தாக வேண்டும்.

நீங்கள் பேசாததால் வந்தது என்கிறவர்களுக்கு ஒன்று. காது கேளாமை, ஆட்டிசம் போன்ற வேறு காரணம் எதுவும் இல்லாமலே நூறு குழந்தைகளில் சுமார் 7 பேருக்கு மொழி மட்டும் சிக்கலாகிறது. பெரும்பாலும் குடும்பவழி வருவது. பிரிட்டனில் கே.ஈ. குடும்பம் என்று ஆய்வுகளில் சொல்லப்படும் ஒரு குடும்பத்தில், மூன்று தலைமுறையில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பேச்சுச் சிக்கல். ஃபாக்ஸ்பி2 என்கிற ஒற்றை மரபணுவில் இருந்த மாற்றம்தான் காரணம் என்று 2001-ல் கண்டுபிடித்தார்கள். அது அபூர்வம். மற்றக் குழந்தைகளிடம் பல மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஆனால் அந்தக் குடும்பத்து அம்மாக்கள் பிள்ளைகளோடு பேசாமலா இருந்திருப்பார்கள்? உங்கள் கடிதத்தில் கணவர் என்ற சொல் ஒரே ஒரு தடவை வருகிறது, அதுவும் அவருடைய மொழியைச் சொல்வதற்காக. பழி மட்டும் உங்களுக்கு. இதை நீங்கள் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வது எனக்குக் கோபமாக வருகிறது.

சரி, அந்தப் பொம்மை விஷயத்துக்கு வருகிறேன். பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

என் மகனுக்கு அப்போது மூன்று வயது. சிவப்பு ரப்பர் பந்து ஒன்று வைத்திருந்தான். அது கட்டிலுக்கு அடியில் போய்விட்டால் என் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். கட்டிலைக் காட்டுவான். திரும்பி என் முகத்தைப் பார்ப்பான். விரலும் கையும் கண்ணும் அத்தனை தெளிவாகப் பேசியது எனக்குக் கேட்கவில்லை. பந்தை எடுத்துத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, "பந்துன்னு சொல்லு, தரேன்" என்பேன். பந்தைப் பார்ப்பான், என் வாயைப் பார்ப்பான். உதடு இரண்டும் ஒட்டும், கழுத்து இறுகும், ஒன்றும் வராது. "சொல்லு, சொல்லு." யாராவது வீட்டுக்கு வந்தால் அவர்கள் முன்னாலும் இதே கூத்து. ஒரு மாதம்போல நடந்தது. அப்புறம் அவன் என்னிடம் வருவதை நிறுத்திவிட்டான். குப்புறப் படுத்து, ஒரு குச்சியை விட்டுத் துழாவித் தானே எடுத்துக்கொள்வான். சமர்த்து என்றார்கள் எல்லோரும். நானும்தான் சொன்னேன்.

தெரபிஸ்ட் ஒருநாள் எங்கள் இருவரையும் தரையில் உட்காரவைத்து, விளையாடச் சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டார். பத்து நிமிடம் கழித்து ஒரு தாளைக் காட்டினார். முழுக்கப் பென்சில் கோடுகள். நான் கேட்ட கேள்விகளின் கணக்கு, மொத்தம் 41. இது என்ன, இது என்ன கலர், கார் எங்கே. "எல்லாமே உங்களுக்கு விடை தெரிந்த கேள்விதானே, ஏன் கேட்கிறீர்கள்?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

அவன் கண்மட்டத்துக்கு இறங்கி உட்காரச் சொன்னார். அவன் எதைப் பார்க்கிறானோ அதை நானும் பார்க்க வேண்டும். ஒன்று சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். அவன் "ட்ர்ர்" என்றால் நானும் "ட்ர்ர், கார் ஓடுது" என்று ஒரு சொல் கூட்டிக் கொடுக்கலாம், திருப்பிச் சொல்லச் சொல்லக் கூடாது. இந்தப் பத்து எண்ணுவது இருக்கிறதே, மூன்றாவது எண்ணிலேயே எனக்கு வாய் துறுதுறுக்கும். கேட்டதைப் பிடித்து, சொல்லைத் தேடி, நாக்குக்குக் கொண்டுவர அந்தப் பிள்ளைகளுக்கு நம்மைவிட அதிக நேரம் ஆகிறது. பாதி வழியில் இருக்கும்போது நாம் அடுத்த கேள்வியைப் போட்டால் அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தொடங்குவான்? உங்கள் மகனுக்குப் பொம்மையைக் கொடுத்துவிடுங்கள் அம்மா. கொடுக்கும்போது அதன் பெயரைச் சொல்லுங்கள், போதும். பேச்சு வராதவனிடம் பேச்சை விலையாகக் கேட்காதீர்கள்.

நாலு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. அவன் குச்சியைத் தேடவில்லை. என்னிடம் வந்து சுண்டுவிரலைப் பிடித்து, "போச்சு" என்றான். நான் சொல்லித் தந்த சொற்களில் அது கிடையாது. எது கீழே விழுந்தாலும் நான் என்னையறியாமல் சொல்கிற சொல். "ஆமா, பந்து போச்சு" என்று சொல்லித் தரையில் படுத்து எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது அவன் வேலைக்குப் போகிறான். நீளமாக ஒன்றைச் சொல்லும்போது இன்னமும் நடுவில் சொல் கிடைக்காமல் நிற்பான். நானும் இன்னமும் பத்து எண்ணுகிறேன்.

காது பரிசோதனை முடிந்ததும் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். அந்தக் கடிதத்தை உங்கள் கணவர் எழுதட்டும்.