பிஎம் கிசான் தவணை ஏன் நிற்கிறது? – கேள்வி பதில்

வேளாண் துறையில் களப்பணி பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நிலம் உள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு தருவது, ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வரும் பிஎம் கிசான் பணம். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

மூன்று தவணை வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. வங்கியில் கேட்டால் ஆதார் இணைத்தாச்சு என்கிறார்கள். – திருத்துறைப்பூண்டி

வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, ஆதார் வழியாக வரும் பணத்துக்கு அந்தக் கணக்கைப் பதிந்திருப்பது வேறு அண்ணா. நாலு கணக்கு இருந்தாலும் அந்தப் பணம் ஒன்றில்தான் விழும். நகைக்கடனுக்காகத் தொடங்கி மறந்துபோன கணக்கில் தவணை கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். பழைய பாஸ்புக்குகளையும் வங்கியில் கொடுத்து ஒருமுறை வரவு பதிந்து பாருங்கள். எதிலும் இல்லையென்றால் தபால்காரரிடம் சொல்லுங்கள், அஞ்சலக பேமெண்ட்ஸ் வங்கியில் ஆதாரோடு கணக்கு தொடங்கித் தருவார். அதோடு இ-கேஒய்சி (ஆள் நீங்கள்தான் என்று ஆதார் மூலம் உறுதி செய்வது), நில விவரம் இரண்டும் சரியாக ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அப்பாவுக்குக் கைரேகை விழவே மாட்டேன் என்கிறது.

நாற்றுப் பறித்தும் மண்வெட்டி பிடித்தும் தேய்ந்த விரல் அம்மா அது. ஒரு பெரியவர் ஈரத்துண்டில் கையைத் துடைத்துத் துடைத்து ஏழெட்டு முறை வைத்தார், விழவில்லை. தப்பு செய்தவர் மாதிரி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிஎம் கிசான் செயலியில் முகத்தைக் காட்டியே இ-கேஒய்சி முடிக்கலாம், 2023 முதல் அந்த வசதி உண்டு. வெளிச்சமான இடத்தில் உட்கார வைத்து நீங்களே செய்துகொடுங்கள்.

இத்தனை சரிபார்ப்பு எதற்கு?

2020-இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று பல மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்கள் பெயரைச் சேர்த்து 100 கோடிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். அதிகாரிகளின் கடவுச்சொல்லே வெளியே போயிருந்தது. அதன் சுமையை இன்று உண்மையான விவசாயி சுமக்கிறார்.

பட்டா இறந்துபோன அப்பா பேரில் இருக்கிறது. நான் இந்தப் பணத்தை வாங்கலாமா?

முதலில் வாரிசுச் சான்றிதழ் வைத்துப் பட்டாவை மாற்றுங்கள் தம்பி. 1.2.2019-க்குப் பிறகு நிலம் வாங்கியவர்களுக்குத் திட்டத்தில் இடமில்லை. வாரிசாக வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனால் நீங்கள் வருமான வரி கட்டுபவராக இருந்தால் கிடையாது.

வாட்ஸ்அப்பில் பிஎம் கிசான் செயலி என்று ஒரு கோப்பு வந்தது.

தொடாதீர்கள். கணக்கையே துடைத்துவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் பிஎம் கிசான் உதவி எண் 155261-க்குப் பேசுங்கள்.

கோயில் நிலத்தில் இருபது வருடமாகக் குத்தகை சாகுபடி. எனக்கு ஏன் இல்லை? – மன்னார்குடி பக்கம்

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது ஐயா. இந்தப் பணம் பட்டாவைத் தேடிப் போகிறது, ஏர் பிடிப்பவரைத் தேடி வருவதில்லை. கோயில், மடத்து நிலங்கள் நிறைந்த டெல்டாவில் சேற்றில் நிற்பவர்களில் பலர் உங்களைப் போல வெளியேதான் நிற்கிறார்கள். இது சரியில்லை என்று பணியில் இருந்தபோதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

ஆனால் பயிர்க் காப்பீடு குத்தகைதாரருக்கும் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான் நீங்கள் கட்ட வேண்டியது. எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று காட்டும் அடங்கலை விஏஓ தரும்போது சாகுபடி செய்பவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.