3500 காணுமா, 5000 வேண்டுமா? உணவு வண்டிக்கு மின் ஜாக் வாங்க முன்

காரைநகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "14 அடி நீள உணவு வண்டி ட்ரெயிலர் வைத்திருக்கிறோம். டபிள் கப் பிக்கப்பில் கொழுவிக்கொண்டு போய் கசூரினாக் கடற்கரையில் நிறுத்துவோம். என் கணவருக்கு முதுகுவலி, கை ஜாக்கைச் சுற்ற முடியவில்லை. தனியே நான்தான் கழற்றிப் பூட்ட வேண்டும். மின் ஜாக் ஒன்று போடலாம் என்றால் கடைக்காரர் 3500 காணாது, 5000 எடுங்கோ என்கிறார். எது சரி? ட்ரெயிலரில் பற்றரி இல்லை. வாகனத்திலிருந்து கரண்ட் எடுக்கலாமா?"

மின் ஜாக் என்பது ட்ரெயிலரைக் கழற்றிப் பூட்டும்போது அதன் மூக்கை மோட்டாரால் ஏற்றி இறக்கும் கால். உங்களுக்கு 3500 காணும், தாராளமாகவே காணும். மிச்சம் பிடிக்கிற காசைப் பற்றரிக்கும் தடித்த வயருக்கும் போடுங்கள். மின் ஜாக் வேலை செய்யவில்லை என்று கழற்றி மூலையில் போட்டவர்களில் பெரும்பாலானோருக்குப் பிழைத்தது ஜாக் அல்ல, அதற்குப் போன கரண்ட்.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். பெட்டியில் இருக்கும் 3500 என்பது இறாத்தல். கிலோக் கணக்கில் அது 1587. விற்பவர்களில் சிலர் இதை மூன்றரைத் தொன் என்று சொல்லி விற்பார்கள். வேறு சிலர் "உங்கட வண்டி ரெண்டு தொன், இது ஒண்டரைத் தொன்தான் தூக்கும், ஆகவே 5000" என்று மறுபக்கமாய்ப் பயமுறுத்துவார்கள். இரண்டும் பிழை. ஜாக் முழு வண்டியையும் தூக்குவதில்லை. வண்டியின் பாரத்தில் பெரும்பங்கை சில்லுகள் தாங்குகின்றன. மூக்குப் பக்கம், இழுக்கும் வாகனத்தின் கொழுவு குண்டின்மேல் வந்து இறங்கும் பாரம் மட்டும்தான் ஜாக்குக்கு உரியது. இவ்வகை ட்ரெயிலர்களில் அது மொத்த நிறையில் 100க்கு 10 முதல் 15 பங்கு. உங்கள் வண்டி சாமானோடு 2000 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். மூக்குப் பாரம் 200 முதல் 300 கிலோ. 1587 கிலோ தூக்கும் ஜாக்குக்கு அது ஐந்தில் ஒரு பங்குகூட வராது. 5000 எடுத்தால் உயரமும் கூடாது, வேகமும் கூடாது. கூடுவது விலையும், விற்றுக் கொடுப்பவரின் தரகும்தான்.

ஆனாலும் மூக்குப் பாரத்தை ஒருதரம் நிறுத்துப் பாருங்கள். இங்கே பட்டறைகளில் ட்ரெயிலர் கட்டித் தருபவர்கள் அதன் நிறையை ஒரு துண்டுக் கடதாசியில்கூட எழுதித் தருவதில்லை. இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025இல் திரும்பத் திறக்கும்வரை எல்லாரும் உள்ளூரில்தான் கட்டுவித்தார்கள். இத்தனை வண்டிகள் தெருவில் ஓடுகின்றன, எத்தனையில் நிறைத் தகடு இருக்கிறது? ஒரு தகடு அடித்து ஒட்ட எவ்வளவு செலவாகும்! அதைக் கட்டாயப்படுத்த ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை. ஆகவே நீங்களே நிறுக்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் ஆள் நிறுக்கும் தராசு போதும். சம தரையில் சில்லுகளுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். ஒரு சீமெந்துக் கல்லும் தராசும் சரியாக மூன்றடி இடைவெளியில் இருக்க, அவற்றின்மேல் வளையாத பனஞ்சலாகை ஒன்றைக் குறுக்கே போடுங்கள். இரண்டு முனையிலும் சலாகைக்கு அடியில் ஒரு சின்னக் குழாய்த் துண்டை வைத்தால் அளவு பிசகாது. தராசு இப்போது காட்டும் சலாகையின் நிறையைக் குறித்து வையுங்கள், அதைப் பின்னர் கழிக்க வேண்டும். இப்போதுள்ள கை ஜாக்கின் கால் கல்லிலிருந்து ஒரு அடி தள்ளிச் சலாகையில் நிற்கட்டும். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் மூக்குப் பாரம். 80 காட்டினால் 240 கிலோ. தண்ணீர்த் தாங்கி நிரம்பி, காஸ் சிலிண்டர் ஏற்றி, கடைக்குப் போகும் கோலத்தில் நிறுக்க வேண்டும். முன்பக்கத்தில் 200 லீற்றர் தாங்கி என்றால் அதுவே 200 கிலோ. வெறும் வண்டியை நிறுத்து ஒரு பயனும் இல்லை. வந்த எண்ணை உங்கள் டபிள் கப்பின் கையேட்டில் குண்டுக்குச் சொல்லியிருக்கும் உச்ச பாரத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனிக் கரண்ட். இந்த ஜாக் 12 வோல்ட் நேர் மின்னோட்டத்தில் ஓடுவது. பாரம் ஏறும்போது 25 அம்பியர் அளவில் இழுக்கும். வாகனத்தின் சிகரெட் லைற்றர் துளையில் இருந்து எடுத்தால் அதற்குரிய பியூஸ் எரியும். ட்ரெயிலர் விளக்குக்குப் போகும் மெல்லிய வயரில் இருந்து எடுத்தால் வயரே சூடாகும். கடையில் "இந்தா அடப்டர், வீட்டுக் கரண்டில போடலாம்" என்று கமரா ஒன்றுக்குரிய 5 அம்பியர் அடப்டரைக் கையில் தருவார்கள். வாங்காதீர்கள். பாரமில்லாமல் கடை மேசையில் அது ஓடிக் காட்டும். வண்டியைத் தூக்கச் சொன்னால் மோட்டார் முனகிவிட்டு நிற்கும்.

ட்ரெயிலருக்கென்று தனியாக ஒரு 12 வோல்ட் பற்றரி வையுங்கள். 70 அம்பியர் மணி போதும். ஒருதரம் ஏற்ற ஒன்றரை நிமிடம் என்றாலும் செலவாவது ஒரு அம்பியர் மணிக்கும் குறைவு. கூரையில் ஒரு சின்ன சூரியத் தகடோ, வீட்டில் வாரம் ஒருதரம் சார்ஜரோ அதை நிரப்பிவிடும். காரில் கழித்த பழைய பற்றரி வேண்டாம். வெறுமனே அளந்தால் 12.5 காட்டும், 25 அம்பியர் இழுத்தவுடன் விழுந்துவிடும்.

பற்றரிக்கும் ஜாக்குக்கும் 3 மீற்றர் தூரம் என்றால் போக வர 6 மீற்றர். 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 25 அம்பியர் போனால் வழியிலேயே 1.8 வோல்ட் தொலையும். 6 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் தொலைவது அரை வோல்ட்டுக்கும் குறைவு. எனவே 6 எடுங்கள். பற்றரியின் நேர் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 30 அம்பியர் பியூஸ் இருக்க வேண்டும்.

அடுத்தது எங்கள் பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் பிழை. பல ஜாக்குகளுக்கு ஒரே ஒரு வயர்தான் வெளியே வரும். மற்ற முனை வண்டியின் இரும்பு வழியாகவே பற்றரிக்குத் திரும்புகிறது. ஜாக்கின் அடித்தட்டு பூச்சு அடித்த இரும்பில் உட்கார்ந்தால் கரண்டுக்கு வழியில்லை. ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. மோட்டார் பழுது என்று புதிது வாங்க வைப்பார்கள். போல்ட்டு இறங்கும் இடத்தில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குப் பூச்சைச் சுரண்டி, வெள்ளையாய் இரும்பு மினுங்கும்வரை தேய்த்து, ஸ்டார் வாசர் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். கடற்கரையில் அதுவும் சில மாதத்தில் துருவேறும். உங்களுக்கு நான் சொல்வது, ஜாக்கின் ஒரு போல்ட்டில் இருந்து பற்றரியின் எதிர் முனைக்கு நேராகவே இன்னொரு 6 சதுர மில்லிமீற்றர் வயர். முடிந்த பிறகு அந்தப் பொருத்தின்மேல் கிறீஸ் பூசிவிடுங்கள்.

உணவு வண்டி என்பதால் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். காஸ் சிலிண்டரும் மூக்கில்தான் இருக்கும், பற்றரியும் மூக்கில்தான் வரும். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் கீழே தேங்கும். ஜாக்கின் சுவிட்சிலும் பற்றரி முனையிலும் பொறி பறக்கும். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைக்கவே கூடாது. பற்றரிக்கு வேறு பெட்டி, சிலிண்டர் பெட்டிக்கு அடியில் காற்றோட்டத் துளை. இடமில்லை என்று பட்டறைக்காரர் சொன்னால் பற்றரியை வண்டியின் பின்பக்கம் கொண்டு போங்கள், வயரை அதற்கேற்ப 10 சதுர மில்லிமீற்றர் ஆக்குங்கள்.

பொருத்துவதற்கு முன்பக்கம் ஆங்கில A எழுத்துப் போல இரண்டு பொக்ஸ் பார் சேரும் அமைப்பு வேண்டும். அந்த மூலையில் 8 மில்லிமீற்றர் தகடு ஒட்டி, நடுவில் 60 மில்லிமீற்றர் துளை. 57 மில்லிமீற்றர் குழாய் அதற்குள் இறங்கும். 3/8 அங்குல போல்ட்டு மூன்று. துளை போட முன் டபிள் கப்பைக் கொழுவி, பின் கதவைத் திறந்து பாருங்கள். மோட்டார் தலை உயரமாய் நிற்கும், கதவு அதில் அடிக்கும். பிறகு தகட்டை வெட்டி எடுத்து நகர்த்துவது பெரிய வேலை. 18 அங்குல ஏற்ற இறக்கம் உள்ளதை எடுங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, நிதானமாக வாசியுங்கள். கடைசிப் பத்தடியைக் கையால் தள்ளித்தான் வண்டியை இடத்தில் நிறுத்துவீர்கள் என்றால் இந்த ஜாக் உங்களுக்கு உதவாது. இதன் கீழே இருப்பது தட்டையான பாதம், உருளாது. அதற்குச் சில்லு பூட்டித் தருகிறேன் என்று ஒருவர் வருவார். பூட்ட விடாதீர்கள். இந்தக் குழாய் நேராக நின்று பாரம் தாங்கச் செய்யப்பட்டது. பக்கவாட்டில் தள்ளினால் வளையும், வளைந்தால் உள்ளே திருகாணி இறுகும், பிறகு கையாலும் சுற்ற முடியாது. கையால் தள்ளுகிறவர்களுக்கும், ஒற்றைத் தண்டு வைத்த ஐரோப்பிய வகை வண்டிக்காரர்களுக்கும் 48 மில்லிமீற்றர் பிடியில் ஏறும் சில்லுக் காலே பொருத்தம். அதிலும் மணலில் சின்னச் சில்லு புதையும் என்பதால் பலகை தேவை. உங்கள் வீட்டு வாசல் ஒடுக்கமாகி அங்கே கையால் தள்ளுகிறீர்களா என்று முதலில் யோசியுங்கள். கடற்கரையை மட்டும் நினைத்து ஜாக் வாங்கினால் வீட்டில் மாட்டுப்படுவீர்கள்.

வாங்கும் நாளில் ஒரு நல்ல கார்ப் பற்றரியைக் கடைக்குக் கொண்டு போங்கள். முழுதாய் ஏற்றி முழுதாய் இறக்குங்கள். இரண்டு முனையிலும் அது தானே நிற்கிறதா, அல்லது கியர் உராய்ந்து கதறுகிறதா என்று கேளுங்கள். மின்சாரம் இல்லாத நேரம் சுற்றும் கைப்பிடி பெட்டிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பலவற்றில் அது காணாமல் போயிருக்கும், பிறகு தேடினாலும் கிடைக்காது. அந்தக் கைப்பிடியால் நீங்களே, கணவர் அல்ல, நாலு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பற்றுச்சீட்டு கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. பார்சலில் வந்த சாமானுக்குச் சீட்டு இல்லை என்கிறவரிடம் வாங்க வேண்டாம். வரியும் கட்டி, கப்பல் கூலியும் கட்டி, தரகும் கொடுத்த பிறகு பழுதானால் யாரிடம் போவது என்றுகூடத் தெரியாத நிலையில் வாங்குபவரை விட்டிருப்பது வெட்கக்கேடு.

கடற்கரையில் கழற்றும்போது முதல் வேலை சில்லுக்குக் கட்டை. பிறகு பாதத்துக்குக் கீழே ஓரடிச் சதுரமான தடித்த பனங்குற்றித் துண்டு. மணலில் பாதத்தை நேராக வைத்தால் மூக்கு ஏறாது, பாதம் இறங்கும். பாதம் இறுகப் படியும்வரை இறக்கி, குண்டைக் கவ்வும் கப்ளிங் பூட்டைத் திறந்து, சங்கிலியையும் விளக்கு வயரையும் கழற்றி, அதன் பின்னரே மூக்கை உயர்த்துங்கள். வண்டி ஆடாமல் நிற்க மூலைக் கால்கள் வேறு. ஜாக்கை அந்த வேலைக்கு விடாதீர்கள்.

வீடு திரும்பியதும் காலை முழுதாய் இறக்கி நல்ல தண்ணியால் கழுவித் துடையுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணியால் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதுதான். ஏறி இறங்கும் உட்குழாயின் வெளிப்பக்கத்தில் கிறீஸ் பூசாதீர்கள், மணல் ஒட்டி உள்ளே இழுபட்டு அராவும். சிலிக்கோன் ஸ்பிரே மெல்லிதாய் ஒருதரம் போதும். ஒவ்வொருமுறையும் வண்டியைத் தெருவில் ஏற்ற முன் கால் முழுதாய் மேலே ஏறி நிற்கிறதா என்று இறங்கிப் பார்த்துவிட்டுப் போங்கள்.