ஊர் ஃபைபர் நிறுவனம்: இணைப்பு வாங்கலாம், முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, நீடாமங்கலத்தில் வீட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பகுதியில் நெடுங்காலமாகக் கேபிள் டிவி கொடுத்துவந்தவர்கள் ஒன்றுசேர்ந்து நிறுவனமாகப் பதிவு செய்து, திருவாரூர், தஞ்சாவூர், மயிலாடுதுறை மாவட்டங்களில் ஃபைபர் இணைய இணைப்புத் தருகிறார்கள். மாதம் 500 ரூபாய், ஜிஎஸ்டி தனி. பத்து மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்கிறார்கள்; அடுத்த ஆண்டு டெல்டா முழுவதும் வந்துவிடுவோம் என்றும் சொல்கிறார்கள். இதே தெருவில் அகில இந்திய நிறுவனம் ஒன்றும் லைன் இழுத்திருக்கிறது. கடையில் கார்டு மெஷினும் கேமராவும் இருக்கின்றன. மகன் பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறான். உள்ளூர் நிறுவனத்தின் பலத்தை நம்பி ஓராண்டுக்குக் கட்டலாமா?

பதில்: இணைப்பைத் தாராளமாக வாங்கலாம், ஓராண்டுப் பணத்தை முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம். சேவை நன்றாக இருப்பதும் நிறுவனம் நிலைத்து நிற்பதும் வேறுவேறு விஷயங்கள். இந்த மாதிரி நிறுவனங்களில் முதலாவது பெரும்பாலும் உண்டு. இரண்டாவதைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் மாதம் 590 ரூபாய். பத்து மாதத்துக்கு 5,900 ரூபாய் கட்டினால் உங்களுக்கு மிச்சமாவது 1,180 ரூபாய். நான்காம் மாத முடிவில் நிறுவனம் படுத்துவிட்டாலோ லைன் பயன்படாமல் போனாலோ கைவிட்டுப் போவது 3,540 ரூபாய். திவால் நடவடிக்கை என்று வந்தால் வங்கிகள் வரிசையில் முன்னால் நிற்கும். முன்பணம் கட்டிய சந்தாதாரர் கடைசியில் நிற்பார். மூன்று மாதத்துக்கு மேல் சேர்த்துக் கட்டக் கூடாது என்பதே என் கருத்து.

இனி, உள்ளூர் நிறுவனத்தின் பலம் எது என்று பார்ப்போம். விளம்பரத்தில் சொல்லும் வேகத்தைவிட, அறுந்த லைனை எத்தனை மணி நேரத்தில் ஒட்டுகிறார்கள் என்பதுதான் அதன் பலம். நம் பக்கத்தில் ஃபைபர் அறுவதற்கென்றே பருவங்கள் உண்டு. தை, மாசியில் அறுவடை முடிந்து வைக்கோல் கட்டுகளை உயர ஏற்றிக்கொண்டு வரும் லாரி, தெருவைக் குறுக்காகக் கடக்கும் லைனைப் பிய்த்துக்கொண்டு போகும். ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறப்பது வழக்கம் என்பதால், அதற்கு முந்தைய மாதங்களில் வாய்க்கால் தூர்வார வரும் பொக்லைன், கரையோரம் புதைத்த கேபிளை மண்ணோடு வாரிவிடும். அப்போது கம்பத்தில் ஏறி இரண்டு முனையையும் எடுத்து, பெட்டியில் வைத்து ஸ்ப்ளைஸ் செய்யும், அதாவது ஒட்டி இணைக்கும், ஆள் நீடாமங்கலத்திலேயே இருந்தால் உங்கள் கடை மதியத்துக்குள் இயங்கும். அவர் தஞ்சாவூரிலிருந்து வர வேண்டியிருந்தால், அங்கே அவருக்கு முன்பே எத்தனை புகார்கள் காத்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, அந்தக் கம்பங்களில் ஓடிய கேபிள்களும் கூடவே விழுந்தன. செல்பேசிக் கோபுரங்களும் கரண்ட் இல்லாமல் ஓய்ந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் எந்தத் தெருவில் எந்த வீட்டுக்கு லைன் எப்படிப் போகிறது என்பதை மனப்பாடமாக வைத்திருக்கும் ஆளின் மதிப்பு எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலும் ஏறாது.

இரண்டாவது பலம் செலவு சார்ந்தது. கம்பமும் தெருவும் வாடிக்கையாளரும் வசூல் செய்யும் ஆளும் கேபிள் டிவிக் காலத்திலிருந்தே இருக்கின்றன. புதிதாக வரும் நிறுவனம் இவற்றையெல்லாம் பணம் கொடுத்துத்தான் உண்டாக்க வேண்டும். கேபிள் டிவி வருமானம் குறைந்துவரும் காலத்தில் அதே வீட்டுக்கு இணையத்தைக் கொண்டுபோவது அவர்களுக்கு ஆசை அல்ல, பிழைப்பு. பக்கத்து மாநிலத்திலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. கேபிள் ஆபரேட்டர்கள் சேர்ந்து உருவாக்கிய கேரளா விஷன், கம்பிவழி அகன்ற அலைவரிசையில் இந்தியாவின் முதல் ஐந்து நிறுவனங்களுள் ஒன்றாக, ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல், ஆக்ட் ஆகியவற்றுக்கு அடுத்ததாக, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிடும் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. அந்த நிறுவனம் வளர்ந்தது ஒரே மாநிலத்துக்குள் நெருக்கமாக வளர்ந்ததால்.

இதற்கு நேர்மாறான கதையும் நம் மாநிலத்துக்குத் தெரியும். ஏர்செல் 1999இல் தமிழ்நாட்டில் தொடங்கி இங்கே வலுவாக வேரூன்றிய செல்பேசி நிறுவனம். பிறகு நாடு முழுவதும் பரவியது, கடன் ஏறியது, 2016இல் ஜியோ வந்து விலையைத் தரைமட்டமாக்கியது, 2017இல் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் இணையும் முயற்சி முறிந்தது, 2018 தொடக்கத்தில் திவால் தீர்வுக்கு மனுச் செய்தது. தமிழ்நாட்டில் சிக்னல் இல்லாமல் வாடிக்கையாளர்கள் தவித்ததும், அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாற அலைந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அன்று எண்ணையாவது காப்பாற்ற அந்த வசதி இருந்தது. ஃபைபர் இணைப்புக்கு அப்படி எதுவும் இல்லை. லைனும் சுவரில் இருக்கும் பெட்டியும் அந்தந்த நிறுவனத்தோடு முடிந்துவிடும். ஆகையால் “டெல்டா முழுவதும் வருகிறோம்” என்ற பேச்சை நான் பலமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இருக்கும் மூன்று மாவட்டங்களில் தெருவுக்குத் தெரு இணைப்பு கூடுகிறது என்று சொல்லியிருந்தால் கூடுதலாக நம்பியிருப்பேன்.

பலவீனம் எங்கே என்றால், தெருவுக்கு வெளியே. உள்ளூர் நிறுவனம் இணையத்தைத் தானே உண்டாக்குவதில்லை. பெரிய நிறுவனங்களிடமிருந்து மொத்தமாக அலைவரிசையை, அதாவது இணையக் கொள்ளளவை, வாங்கிச் சில்லறையாக விற்கிறது. கடைமடை வயலுக்குத் தண்ணீர் மேல்மதகைப் பொறுத்துத்தான் வரும். மேலே இருப்பவர் உங்கள் தெருவிலேயே போட்டியாளராகவும் இருந்தால் நிலைமை இன்னும் இக்கட்டு. ஒரே ஒருவரிடம் மட்டும் வாங்கினால் அந்தப் பாதை அறுந்த அன்று மூன்று மாவட்டமும் ஓயும். ஆகவே நிறுவனத்தாரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அலைவரிசையை எத்தனை பேரிடம், எத்தனை வழியாக வாங்குகிறீர்கள் என்பதே. இதற்கு உடனே தெளிவாகப் பதில் சொல்பவர் தொழில் தெரிந்தவர்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பரவலாக உள்ள ஜிபான் முறையில், நிலையத்திலிருந்து வரும் ஓர் இழை சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அதாவது 2,500 எம்பிபிஎஸ், கொள்ளளவு உடையது. அது 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. 64 வீடும் ஒரே நேரத்தில் முழுமூச்சாகப் பயன்படுத்தினால் வீட்டுக்கு 39 எம்பிபிஎஸ் அளவுதான் வரும். நடைமுறையில் அப்படி நேர்வதில்லை என்பதால் 100 எம்பிபிஎஸ் என்று விற்பது மோசடி ஆகாது. ஆனால் மேலிருந்து வாங்கும் அலைவரிசை குறைவாக இருந்தால், சாப்பாடு முடிந்து எல்லா வீட்டிலும் படம் ஓடும் இரவு நேரத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். காலையில் செய்துகாட்டும் வேகச் சோதனையை நம்பாமல், ஏற்கெனவே இணைப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து பாருங்கள்.

இணைப்புப் போட வரும் ஆளிடம், ரூட்டருக்கு வந்துசேரும் ஒளியின் அளவைக் காட்டச் சொல்லுங்கள். அது மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம்முக்குள் (ஒளியின் பலத்தை அளக்கும் அலகு) இருந்தால் நலம். மைனஸ் 27ஐத் தொட்டுக்கொண்டிருந்தால், ஸ்ப்ளைஸ் சரியில்லை அல்லது லைன் எங்கோ மடிந்திருக்கிறது என்று பொருள். மழைக்காலத்தில், ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னும்போது அலைவதைவிட, அன்றைக்கே சரிசெய்து தரச் சொல்வது மேல். உங்கள் கேமரா விஷயத்திலும் ஒன்றைக் கேட்க வேண்டும். சிறு நிறுவனங்களிடம் ஐபி முகவரிகள் குறைவு. ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பார்கள். கேமரா அதன் நிறுவனச் செயலி வழியாக இயங்கும் ரகமாக இருந்தால் பிரச்சினை இல்லை. வெளியூரிலிருந்து நேரடியாக முகவரி போட்டுப் பார்க்கும் பழைய ரகமாக இருந்தால் தனி ஐபி வேண்டும், அதற்குக் கட்டணம் தனி.

நிறுவனத்தை ஆராயச் செலவு அதிகமில்லை. இணையச் சேவை உரிமங்களில் ஏ பிரிவு நாடு முழுவதற்கும், பி பிரிவு ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கும் (ஏறக்குறைய ஒரு மாநில அளவு), சி பிரிவு அதைவிடச் சிறிய ஒரு தொலைபேசி வட்டாரத்துக்கும் உரியவை. தஞ்சாவூரும் கும்பகோணமும் இந்தக் கணக்கில் வெவ்வேறு வட்டாரங்கள். ஒரேயொரு சி உரிமத்தை வைத்துக்கொண்டு டெல்டா முழுவதும் வருவோம் என்று சொன்னால் அங்கேயே கேள்வி எழ வேண்டும். உரிமதாரர் பட்டியல் தொலைத்தொடர்புத் துறையின் தளத்தில் உள்ளது. பல ஊர்களில் உள்ளூர்ப் பெயர் வெறும் பலகைதான்; உரிமம் வேறொரு நிறுவனத்துடையது. அப்போது உங்களுக்குப் பொறுப்பாளி யார் என்பதை ரசீதில் அச்சாகியுள்ள பெயரும் ஜிஎஸ்டி எண்ணும்தான் தீர்மானிக்கும். ரசீது தராதவரிடம் ஒரு மாதத்துக்குக்கூட வாங்காதீர்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில், நிறுவனம் எந்த வங்கியில் எவ்வளவு கடனுக்குச் சொத்தை அடமானமாக எழுதியிருக்கிறது என்பதை இலவசமாகப் பார்க்கலாம். சிறு கட்டணம் செலுத்தினால் ஆண்டுக் கணக்குகளும் கிடைக்கும். இரண்டு ஆண்டாகக் கணக்கே தாக்கல் செய்யாத நிறுவனம் என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

உங்கள் நிலையில் நான் கடைக்கும் வீட்டுக்கும் உள்ளூர் லைனையே வாங்குவேன். மகன் வேலைக்கு மட்டும் வேறு நிறுவனத்தின் செல்பேசி டேட்டாவை மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள். ரூட்டரை இன்வெர்ட்டர் லைனில் செருகுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு இணைப்பு ஒன்பது நாள் வேலை செய்யவில்லை. போன் செய்தால் “ஆள் வருவார்” என்பதோடு சரி. பணம் மட்டும் குறையாமல் வாங்கிக்கொண்டார்கள். டிராய்க்கு எழுதலாமா? – வாசகர், திருத்துறைப்பூண்டி.

பதில்: எழுதிப் பயனில்லை. தனிநபர் புகார்களை டிராய் விசாரிப்பதில்லை. முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து புகார் எண்ணை வாங்குங்கள். கேபிள்காரரின் சொந்த எண்ணுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி முறையான புகார் ஆகாது, சாட்சியாக மட்டும் உதவும். அங்கே தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுத வேண்டும். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த சேவைத்தர விதிகளின்படி, கம்பிவழி இணைப்பின் பழுதைச் சரிசெய்ய மூன்று நாளைத் தாண்டினால் சந்தாதாரருக்கு ஈடு தர வேண்டும். நீங்கள் கேட்டால்தான் கொடுப்பார்கள் என்பது வேறு விஷயம்.

அதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், திருவாரூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமும் இருக்கின்றன. தொலைத்தொடர்புப் புகார்கள் நுகர்வோர் ஆணையத்தில் செல்லாது என்று முன்பெல்லாம் வாதிடுவார்கள். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்காமல் தீர்ப்பளித்துவிட்டது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை.

கேள்வி: புதிதாக வளரும் ஓர் இணைய நிறுவனம், 2 லட்சம் ரூபாய் கொடுத்தால் “வளர்ச்சிப் பங்காளி” ஆக்கி மாதம் 4,000 ரூபாய் தருவோம், மூன்றாண்டு முடிவில் முதலைத் திருப்பித் தருவோம் என்கிறது. ஓய்வுபெற்ற பணம் இருக்கிறது. சேரலாமா? – வாசகர், கும்பகோணம்.

பதில்: வேண்டாம். 2 லட்சத்துக்கு மாதம் 4,000 என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். மின்கம்ப வாடகை, மொத்த அலைவரிசை, உரிமக் கட்டணம், ஆட்கூலி எல்லாம் போக ஓர் இணைப்புக்கு 50 ரூபாய் மிஞ்சும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், உங்கள் ஒருவருக்குக் கொடுக்க மட்டும் 80 இணைப்புகளின் லாபம் முழுவதும் வேண்டும். இதைவிடக் குறைந்த வட்டிக்கு வங்கி கடன் கொடுக்கும்போது உங்களிடம் ஏன் வருகிறார்கள் என்பதை அவர்களிடமே கேளுங்கள்.

சட்டமும் இடம் தரவில்லை. தனியார் நிறுவனம் பொதுமக்களிடமிருந்து வைப்புத்தொகை திரட்டக் கூடாது. பங்கு விற்பதாக இருந்தாலும் ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் தனிப்பட்ட முறையில் விற்க முடியாது. “பங்காளி” என்று பெயர் மாற்றினாலும், குறித்த தொகை தந்து முதலையும் திருப்புவோம் என்றால் அது வைப்புத்தொகைதான். தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு வைப்பீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், மத்திய அரசின் 2019ஆம் ஆண்டு ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டமும் இதற்காகவே வந்தவை. ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள்.

இந்தத் தொழிலில் இறங்கும் எண்ணம் உண்மையாகவே இருந்தால், உழைக்கத் தயாராக உள்ள ஓர் இளைஞரைச் சேர்த்துக்கொண்டு ஒரு பகுதிக்கு முகவராகலாம். அப்போது ஒப்பந்தத்தில், நீங்கள் இழுக்கும் ஃபைபர் யாருடைய சொத்து, சந்தாதாரர் பட்டியல் பிரிந்துபோகும்போது யாரிடம் இருக்கும், நிறுவனம் மேலே பணம் கட்டாமல் அலைவரிசை நின்றால் உங்கள் வைப்புத்தொகை எத்தனை நாளில் திரும்பும் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.