மலேசியப் பெண்கள் கால்பந்து அணி உலகக் கிண்ணத்துக்குப் போகும் வழி

அண்ணே, பள்ளி அணிக்கு ஆடும் உங்கள் மகள், “பெண்களுக்கு ஏன் தனியாக உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று இல்லை?” என்று கேட்டதாகச் செந்தூலிலிருந்து எழுதியிருந்தீர்கள். ஆசியாவில் பெண்களுக்கு ஆசியக் கிண்ணம்தான் அந்தத் தகுதிச் சுற்று.

2026 ஆசியக் கிண்ணத்துக்கு 12 இடம். ஏற்று நடத்தும் ஆஸ்திரேலியாவும், 2022இல் முன்னணியில் வந்த சீனா, தென்கொரியா, ஜப்பானும் நேரே உள்ளே. மிச்ச 8 இடத்துக்கு 8 குழு. குழுவில் முதலிடம் பிடித்தால்தான் உண்டு, இரண்டாமிடத்துக்கு ஒன்றும் கிடையாது. நம் குழுவில் வடகொரியா! அவர்கள் முதலிடத்தைப் பிடித்துவிட்டார்கள். அதோடு 2027இல் பிரேசிலில் நடக்கும் உலகக் கிண்ணத்தின் கதவும் நமக்கு மூடிவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம், மகளிடம் பிலிப்பைன்ஸைப் பற்றிச் சொல்லுங்கள். 2022 ஆசியக் கிண்ணக் காலிறுதியில் சீனத் தைப்பேயைப் பெனால்டியில் வென்று முதன்முறையாக உலகக் கிண்ணத்துக்குள் நுழைந்தார்கள். அங்கே நியூசிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 1-0 என வீழ்த்தினார்கள்.