நிறுத்தி வைத்த இதயம் திரும்ப ஓடுமா, டாக்டர்?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. பெருந்தமனி வால்வில் கசிவு அதிகம் என்று வால்வு மாற்று ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் இதயத்தை நிறுத்துவோம் என்று சர்ஜன் சொன்னதிலிருந்து அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தசை கெட்டுவிடாதா?

பதில்: அம்மாவின் பயம் புரிகிறது. ஆனால் தசை கெடாமல் இருக்கத்தான் இதயத்தை நிறுத்துகிறோம்.

வால்வைத் தைக்க, ரத்தம் வராத இடம் வேண்டும். அதனால் பெருந்தமனியைக் கிளாம்ப் போட்டு அடைப்போம். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ஹார்ட்-லங் மெஷின் ரத்தம் அனுப்பிக்கொண்டிருக்கும். இதயத்துக்கு ரத்தம் தரும் கரோனரி குழாய்களோ கிளாம்புக்குக் கீழே மாட்டிக்கொள்ளும். பட்டினி கிடக்கும் தசையைத் துடிக்கவும் விட்டால் அது செத்துப்போகும். ஆகவே பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தை, பெரும்பாலும் நோயாளியின் ரத்தத்தோடே சேர்த்து, உள்ளே விடுகிறோம். கார்டியோப்ளீஜியா என்போம். சற்று நேரத்தில் மானிட்டரில் கோடு நேராகும். தொட்டால் இதயம் தொளதொளவென்று இருக்கும். அந்தத் தொளதொளப்பைப் பார்த்தால்தான் எங்களுக்கு நிம்மதி. துடிக்கும்போது கேட்ட ஆக்சிஜனில் சுமார் பத்தில் ஒரு பங்கு இப்போது போதும்; குளிரில் அதுவும் குறையும்.

அளவு முக்கியம். 1955-ல் லண்டனில் மெல்ரோஸ் என்ற மருத்துவர் பொட்டாசியம் சிட்ரேட்டால் இதயத்தை நிறுத்திக் காட்டினார். செறிவு மிக அதிகம். தசை புண்ணானது, பலர் அந்த வழியையே விட்டுவிட்டார்கள். 1970-களில் குறைந்த அளவோடுதான் அது திரும்பி வந்தது.

அப்பா விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமாக இந்தத் திரவத்தைப் பெருந்தமனியின் அடியில் செலுத்துவோம். வால்வு ஒழுகினால் அது கரோனரிக்குப் போகாமல் இடது கீழறைக்குள் வடிந்து, அறையை ஊத வைத்துவிடும். அதனால் தமனியைத் திறந்து இரண்டு கரோனரி வாய்களிலும் நேரே விடுவார்கள். அல்லது கரோனரி சைனஸ் என்ற சிரை வழியாகப் பின்பக்கமிருந்து ஏற்றுவார்கள். சில கலவைகளை 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்க வேண்டும். டெல் நிடோ என்ற கலவை ஒரே தடவையில் ஒரு மணி நேரம் வரை தாங்கும். கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லிக்கொண்டிருப்பது ஹார்ட்-லங் மெஷினை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்டின் வேலை.

கிளாம்பை எடுத்ததும் வெதுவெதுப்பான ரத்தம் பாய்ந்து பொட்டாசியத்தைக் கழுவிவிடும். ஒரு நெளிவு, பிறகு துடிப்பு. சில இதயங்கள் துடிக்காமல் நடுங்கும்; சின்ன ஷாக் கொடுத்துச் சீராக்குவோம். ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே தளர்ந்த தசையானால் மீள நாளாகும். எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் எத்தனை சதவீதம் என்று சர்ஜனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐசியூவில் அப்பாவின் மார்புக்குக் கீழே மெல்லிய கம்பிகள் வெளியே தெரியலாம். துடிப்பு மந்தமானால் தூண்டிவிட வைத்த தற்காலிகக் கம்பிகள் அவை. சில நாளில் உருவிவிடுவார்கள். அம்மாவை உள்ளே விடுவதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள்.