இன்ஜினை இறக்கியதும் பழைய காரைக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: என் பழைய பெட்ரோல் காரின் தளம் துருவேறி ஓட்டையாகிவிட்டது, இன்ஜின் நன்றாக ஓடுகிறது. அதே மாடலில், பாடி நன்றாக இருந்து இன்ஜின் ஜாம் ஆன இன்னொரு காரை வாங்கியிருக்கிறேன். அதில் ஏற்றுவதற்காக இன்ஜினை இறக்கியதும் பழைய வண்டியை அன்றைக்கே எடுத்துக்கொண்டு, பேப்பர் வேலையையும் தானே முடித்துத் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இன்ஜின் ஏறிய வண்டி ஸ்டார்ட் ஆகி, சூடேறி, ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை பழைய வண்டியிலிருந்து ஒரு போல்ட்கூட வெளியே போகக் கூடாது.

சாவியிலுள்ள சிப், இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் பூட்டு), ஈசியூ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) மூன்றும் ஒரே ஜோடியாக இருந்தால்தான் வண்டி ஓடும். முதலில் இரண்டு ஈசியூக்களின் பார்ட் நம்பரையும் ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால், நல்ல பாடியில் இருக்கும் செட்டைத் தொடாதீர்கள். வேறாக இருந்தால் சாவி, லாக்கைச் சுற்றியிருக்கும் வளையம், இம்மொபிலைசர், ஈசியூ, இன்ஜின் வயரிங், சென்சார்கள் எல்லாம் மொத்தமாக மாற வேண்டும். பாதி இதிலிருந்து, பாதி அதிலிருந்து என்று கலந்தால் பல வண்டிகள் ஒரு நொடி பிடித்து அணைந்துவிடும். காரணம் தெரியாத மெக்கானிக் பிளக், பம்ப், காயில் என்று மாற்றிக்கொண்டே போவார், பணம் உங்களுடையது.

இறக்குவதற்கு முன் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் ஏறும் அழுத்தம், பாருங்கள். எல்லா பிளக்கையும் கழற்றி, ஃபியூயல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, இக்னிஷன் காயில் இணைப்பையும் எடுத்துவிட்டு, பிளக் துளையில் அழுத்தம் அளக்கும் கேஜை வைத்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுற்றுங்கள். சிலிண்டர்களுக்கிடையே 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் யோசியுங்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுப் பார்க்கையில் அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

இன்ஜின் வெளியே இருக்கும்போதே பின்பக்க கிராங்க் சீல், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர் என்றால் ஒரு எச்சரிக்கை. டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) கியர்பாக்ஸோடுதான் இருக்க வேண்டும். அதைச் சுழற்றியபடி உள்ளே தள்ளினால் இரண்டு மூன்று படிகளாக 'டொக்' என்று இறங்கும். கடைசிப் படி இறங்காமல் பூட்டினால் உள்ளே ஆயில் பம்ப் உடையும். இன்ஜினும் கியர்பாக்ஸும் கையால் தள்ளியே முழுக்க ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுற்ற வேண்டும். போல்ட்டை முறுக்கி இழுத்தால்தான் இடைவெளி மூடும் என்ற நிலை வந்தால் அங்கேயே நிறுத்திக் கழற்றுங்கள்.

ஏர்பேக், சீட் பெல்ட், பிரேக் ஹோஸ் எதையும் பழைய வண்டியிலிருந்து எடுக்க வேண்டாம்.

இனி தரகர். அவசரப்படுகிறவருக்கு வேண்டியது பெரும்பாலும் இரும்பு அல்ல. சேஸிஸ் நம்பர் உள்ள தகடும் பதிவுச் சான்றும். அவை திருட்டு வண்டியில் ஏறினால் விசாரணை உங்கள் வாசலுக்குத்தான் வரும். பதிவை ரத்து செய்து, அதற்கான சான்றைக் கையில் வாங்கிய பிறகே பழைய வண்டியின் கூட்டை விற்கவும்.

இன்ஜின் நம்பர் பதிவில் இருந்தால் மாற்றத்தை முறைப்படி ஏற்றுங்கள். நேர்மையாக விண்ணப்பிப்பவரைத்தான் அலுவலகங்கள் மேசைக்கு மேசை அலையவிடுகின்றன. தரகர்களை வளர்ப்பதே இந்தத் தாமதம்தான். அதற்காக விட்டுவிடாதீர்கள், நம்பர் பொருந்தாவிட்டால் விபத்தின்போது இன்சூரன்ஸ் தகராறு வரும். இரண்டு இன்ஜின் நம்பர்களையும் அழுக்கு துடைத்துப் படமெடுத்து, வாங்கிய ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினை ஏற்றிவிட்டால் பல மாடல்களில் அந்த இடம் கண்ணில் படாது.