சப்டைட்டிலை எடுத்தால் படம் புரியவில்லை என்றவருக்கு

வணக்கம். ஆங்கில நாளிதழைத் தடையில்லாமல் படிக்கிறேன், ஆறு மாதமாகத் தினம் ஒரு படம் பார்க்கிறேன், ஆனால் சப்டைட்டிலை எடுத்துவிட்டால் ஒன்றும் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் காதில் குறை இல்லை. தமிழில் அசைகளைப் பெரும்பாலும் முழுசாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசைதான் நிமிர்ந்து நிற்கும், மற்றவை சுருங்கிப்போகும். 'ஷுட் ஹாவ் டோல்டு ஹிம்' என்று நீங்கள் படித்து வைத்திருப்பது திரையில் 'ஷுடவ் டோல்டிம்' என்று வரும். அந்த 'ஹ' எங்கே போனது என்று தேடுவதற்குள் அடுத்த வசனம் ஓடிவிடுகிறது.

அதனால் முழுப் படத்தை விடுங்கள். இரண்டு நிமிடக் காட்சி ஒன்று போதும். முதலில் சப்டைட்டில் இல்லாமல் இரண்டு தடவை கேளுங்கள். அப்புறம் வரிக்கு வரி நிறுத்தி, காதில் விழுந்ததை நோட்டில் எழுதுங்கள். பிறகுதான் ஆங்கில சப்டைட்டில். தமிழ் வேண்டாம், கண்ணே அர்த்தத்தை வாங்கிக்கொண்டு காதைத் தூங்க விட்டுவிடும். தவறவிட்ட இடங்களை வட்டமிட்டு, நடிகரோடு சேர்ந்து அதே வேகத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்த வேலையைத்தான். எனக்குக் காது திறந்தது அதில்தான்.

சண்டைப் படங்கள் இப்போதைக்கு வேண்டாம், சத்தமே வசனத்தை விழுங்கிவிடும். 1957இல் வந்த '12 ஆங்ரி மென்' எடுத்துக்கொள்ளுங்கள். 96 நிமிடம், கிட்டத்தட்ட முழுவதும் ஒரே அறையில் பேச்சு. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். முதல் காட்சியில் எந்தெந்த இடத்தை வட்டமிட்டீர்கள் என்று எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.